ஸ்கான் பார்த்து, ஊசித் துளையால் செய்யும் சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் கதிரியல் பகுதிக்கு அனுப்பப்படும் நோயாளரும் கூட வருபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் பி.எச்.ரி.யில் (வாட்டில் வைத்திருக்கும் சிகிச்சைக் குறிப்பில்) வைத்தியர் வேறு விதமாக எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்கான் எடுக்க எண்டுதான் அனுப்பினவை. பிறகேன் ஒப்பம் கேக்கினம்?

சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்துக்கு ஒப்பம் கேட்க மாட்டார்கள். கேட்கிறார்கள் என்றால் உள்ளே ஊசியோ குழாயோ போகப்போகிறது. இடையீட்டுக் கதிரியல் என்பது இதுதான். வயிற்றையோ நெஞ்சையோ திறக்காமல், திரையில் படத்தைப் பார்த்தபடி சில மில்லிமீற்றர் துளை வழியாகச் சிதழை வடிப்பது, கட்டியில் துண்டு எடுப்பது, அடைத்த நாடியை விரிப்பது, கசியும் நாடியை அடைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஒரே முறையில் நடப்பவை. முதலில் ஊசி போகும். ஊசிக்குள்ளால் மெல்லிய கம்பி போகும். ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலாகக் குழாயைச் செலுத்துவார்கள். 1953 இல் சுவீடன் வைத்தியர் ஸ்வென்-ஐவர் செல்டிங்கர் எழுதிவைத்த முறை இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. ஓட்டை சின்னது என்பதால் வேலையும் சின்னது என்று எண்ணுவதுதான் பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ஒப்பம் வைக்க முன் மூன்று விடயம் கேளுங்கள்: எதற்காகச் செய்கிறார்கள், என்ன பிழைக்கலாம், பிழைத்தால் அடுத்து என்ன செய்வார்கள்.

எங்கட ஆஸ்பத்திரியிலும் ஸ்கான் மெசின் இருக்கு. ஏன் வேற இடத்துக்கு மாத்தினம்?

சிதழ் வடிப்பதற்கும் கழுத்துக் கட்டியில் ஊசி வைப்பதற்கும் அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் தேர்ந்த கையும் போதும். நுரையீரலுக்குள் ஆழமாக இருக்கும் கட்டிக்கு சி.ரி. வேண்டும். நாடி, நாளங்களுக்குள் செய்யும் வேலைக்கு, தொடர்ந்து எக்ஸ்ரே ஓடும் அன்ஜியோகிராம் அறையும், அதற்கான பலூன், ஸ்டென்ற் (நாடியைத் திறந்து வைத்திருக்கும் வலைக்குழாய்), கம்பிகளும் இருக்கவேண்டும். பருத்தித்துறையிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ போதனா வைத்தியசாலைக்கும், சிலவேளை கொழும்புக்கும் மாற்றுவது பெரும்பாலும் இதற்காகத்தான். மாற்றும்போது பழைய ஸ்கான் படங்களை, அறிக்கையை மட்டுமல்ல, சீடியோடு கொண்டுபோங்கள். ஊசி போகும் பாதையைப் படத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கலாம், அறிக்கையை வாசித்து முடியாது.

அப்பா இருதயத்துக்குக் குளிசை குடிக்கிறார். நிப்பாட்ட வேணுமோ?

இது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பலர் மேசையில் படுத்த பிறகுதான் இதைச் சொல்கிறார்கள். அன்றைய வேலை அதோடு தள்ளிப்போகும்.

நெஞ்சில், வயிற்றில் நீர் எடுப்பது, தைரோயிட் கட்டியில் மெல்லிய ஊசி வைப்பது, பழைய குழாயை மாற்றுவது ஆகியவை இரத்தக்கசிவு ஆபத்துக் குறைந்தவை. இவற்றுக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினையோ குளோப்பிடோகிரலையோ பொதுவாக நிறுத்துவதில்லை. ஈரல், சிறுநீரகத்தில் துண்டு எடுப்பது, சிறுநீரகத்துக்குள்ளும் பித்தக் குழாய்க்குள்ளும் குழாய் வைப்பது ஆபத்துக் கூடியவை. உள்ளே இரத்தம் கசிந்தால் வெளியிலிருந்து அமத்திப் பிடிக்க முடியாது. இவற்றுக்கு அஸ்பிரினை 3 முதல் 5 நாள், குளோப்பிடோகிரலையும் வார்பரினையும் 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். வார்பரின் குடிப்பவருக்கு அன்று ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்ற சோதனை) திரும்பப் பார்த்து, 1.8 இற்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்வார்கள். பிளேற்லெற் (இரத்தத்தை உறையவைக்கும் நுண்கலங்கள்) 50,000 இற்கு மேல் இருக்கவேண்டும். மாரி காலத்தில் அண்மையில் டெங்கு வந்து போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். இருதயத்தில் ஸ்டென்ற் வைத்துச் சில மாதமே ஆனவர் குளோப்பிடோகிரலை நிறுத்தினால் ஸ்டென்ற் அடைத்து மாரடைப்பு வரலாம். உலோக வால்வு உள்ளவருக்கு வார்பரினை நிறுத்தும் நாட்களில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். இருதயக் கிளினிக் கொப்பியைக் காட்டி இரண்டு வைத்தியர்களும் சேர்ந்து முடிவெடுக்கவேண்டிய விடயம் இது. சித்த மருந்து, எண்ணெய்க் குளிசை எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவரும் ஏசமாட்டார்கள்.

சாப்பிடாமல் வரவேணுமோ? சலரோகம் இருக்கே?

விறைப்பு ஊசி மட்டும் போட்டுச் செய்யும் சின்ன வேலைக்கு நீண்ட பட்டினி தேவையில்லை. நித்திரை வரும் மருந்தும் போடப்போகிறார்கள் என்றால் 6 மணித்தியாலம் சாப்பாடும் பாலும் இல்லை. வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் முன்புவரை குடிக்கலாம். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். இன்சுலின் போடுபவர் பட்டினியோடு வழமையான காலை அளவைப் போட்டுவிட்டு வந்தால் வரிசையில் நிற்கும்போதே சீனி இறங்கி விழுவார். முதல் நாளே அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய பட்டியலில் முதலாவதாகப் போடச் சொல்லியும் கேட்கலாம். இரத்த அழுத்தக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு வழமைபோல் குடிக்கலாம்.

நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது. சாய மருந்து போடலாமோ?

போடலாம். கடலுணவு ஒவ்வாமை அயடீனால் வருவதல்ல. நண்டு, இறாலின் தசையில் உள்ள ஒரு புரதத்தால் வருவது. அன்ஜியோகிராமுக்கும் சி.ரி.க்கும் போடும் சாய மருந்தோடு அதற்குத் தனிப்பட்ட தொடர்பு இல்லை. முன்பு இதே சாய மருந்துக்குத் தோல் தடித்ததா, மூச்சு இழுத்ததா என்பதுதான் கவனிக்கவேண்டியது. அப்படி நடந்திருந்தால் சிலருக்கு 13, 7, 1 மணித்தியாலம் முன்பாக 50 மி.கி. பிரெட்னிசொலோன் கொடுத்து, வேறு வகைச் சாயத்தைப் பயன்படுத்துவார்கள்.

சாய மருந்தின் அடுத்த கவலை சிறுநீரகம். கிரியற்றினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கழிவு) கூடியவர் மெற்போமின் என்ற சலரோகக் குளிசை குடித்தால் அன்றிலிருந்து 48 மணித்தியாலம் நிறுத்தி, இரத்தம் திரும்பச் சோதித்த பிறகு தொடங்கவேண்டும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் சாதாரண சி.ரி.க்காக மெற்போமினை நிறுத்தத் தேவையில்லை.

ஈரலிலை சிதழ் கட்டியிருக்காம். ஓட்டை போட்டுத்தான் எடுக்க வேணுமோ?

எல்லோருக்கும் அல்ல. ஈரலில் சிதழ் இரண்டு வகையாகக் கட்டும். ஒன்று அமீபாவால், மற்றது பக்ரீரியாவால். அமீபாக் கட்டி யாழ் மாவட்டத்தில் நெடுங்காலமாகக் காணப்படுவது. நோயாளரில் பெரும்பாலானோர் கள்ளுக் குடிக்கும் ஆண்கள். மலத்தால் மாசுபட்ட தண்ணீர், உணவு வழியாகக் கிருமி குடலுக்குப் போய் அங்கிருந்து ஈரலுக்கு ஏறுகிறது. இந்த வகை பெரும்பாலும் மெற்றோனிடசோல் என்ற மருந்துக்கே அடங்கிவிடும். சிதழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும், குடலில் மிஞ்சும் கிருமியைக் கொல்ல அதன்பின் வேறொரு குளிசையும் முடிக்கவேண்டும். காய்ச்சல் விட்டதும் பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். மெற்றோனிடசோல் குடிக்கும் நாட்களில் கள்ளு, சாராயம் இரண்டும் கூடாது.

மருந்து தொடங்கி 3 முதல் 5 நாளாகியும் காய்ச்சலும் நோவும் குறையாவிட்டால், கட்டி பெரிதாகி ஈரலின் ஓரத்தை மெல்லியதாக்கியிருந்தால், அல்லது இடது பக்க ஈரலில் இருந்து இருதய உறைக்குள் உடையும் ஆபத்து இருந்தால் அமீபாக் கட்டியையும் வடிப்பார்கள். பக்ரீரியாக் கட்டி 5 செ.மீ. இற்கு மேல் என்றால் பெரும்பாலும் குழாய்தான். சின்னதை ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம், அது இரண்டு மூன்று தரம் தேவைப்படலாம்.

செய்யும் விதம் இது. ஸ்கானில் பாதை பார்ப்பார்கள். நுரையீரல், பித்தப்பை, குடல் மூன்றையும் தவிர்த்து, கொஞ்சமாவது நல்ல ஈரலுக்குள்ளால் போகும் பாதையாக இருக்கவேண்டும். ஈரலின் மேற்பரப்பிலிருந்து நேரே குத்தினால் சிதழ் வயிற்றுக்குள் கசியும். தோலைச் சுத்தம் செய்து, 5 முதல் 10 மி.லீ. லிக்னொகெயின் போட்டு, ஈரலின் உறை வரை விறைக்க வைப்பார்கள். முதல் அரை நிமிடம் எரியும், பிறகு அமத்துவதுபோல மட்டும் இருக்கும். 18 கேஜ் (கேஜ் என்பது ஊசித் தடிப்பின் அளவு) ஊசி கட்டிக்குள் போனதும் முதலில் சில மி.லீ. சிதழைப் பரிசோதனைக்கு எடுப்பார்கள். பிறகு கம்பி, துளையை விரிக்கும் கூர்க்குழாய்கள், கடைசியில் 8 முதல் 14 பிரெஞ்ச் வரையான ‘பிக்ரெயில்’ குழாய். 3 பிரெஞ்ச் என்பது 1 மி.மீ.; ஆகவே 12 பிரெஞ்ச் குழாய் 4 மி.மீ. தடிப்பு. உள்ளிருக்கும் ஒரு நூலை இழுத்ததும் அதன் நுனி சுருண்டு பூட்டிக்கொள்ளும். அந்தச் சுருளிலுள்ள பக்கத் துளைகள் அத்தனையும் கட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். ஒன்று வெளியில் நின்றாலும் குழாயைச் சுற்றிக் கசியும். அரை மணித்தியாலத்தில் முடியக்கூடிய வேலை.

எடுத்த சிதழ் எந்த நிறம் என்பதும் உதவும். செம்பழுப்பாக, மணமில்லாமல் இருந்தால் அமீபாப் பக்கம் சாயும். மஞ்சளாக நாறினால் பக்ரீரியா. பித்தம் கலந்து பச்சையாக வந்தால் கட்டி பித்தக் குழாயோடு தொடர்புபட்டிருக்கிறது. குழாய் கூடுதல் நாள் இருக்கவேண்டிவரும். சலரோகம் உள்ளவர், வயலில் வேலை செய்பவர் என்றால் மெலியோயிடோசிஸ் கிருமியையும் நினைக்கவேண்டும். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி அது. மருந்து மாதக்கணக்கில் போகும், வழமையான அன்ரிபயோரிக் பலவற்றுக்கு அடங்காது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் சீட்டில் அந்தச் சந்தேகத்தை எழுதவேண்டும்.

குழாயோட வீட்டை விட்டிட்டினம். என்ன பாக்கிறது?

குழாயால் வடிவது சேரும் பை எப்போதும் குழாய் உடம்புக்குள் போகும் இடத்துக்குக் கீழே இருக்கவேண்டும். கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தால் ஓட்டம் நிற்கும். கழுவச் சொல்லியிருந்தால் 5 முதல் 10 மி.லீ. கிருமிநீக்கிய சேலைனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தள்ள இறுக்கமாக இருந்தால் பலம் பிரயோகிக்க வேண்டாம். மூவழித் திருகி (குழாயைத் திறந்து மூடும் திருகு) சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா, பிளாஸ்ரருக்குக் கீழே குழாய் மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘குழாய் அடைத்துவிட்டது’ என்று வருவதில் கணிசமானவை மூடிய திருகியும் மடிந்த குழாயும்தான். கிணற்றுத் தண்ணீர், கொதிக்கவைத்ததானாலும், கூடாது.

ஒரு கொப்பியில் திகதியும் 24 மணித்தியால அளவும் நிறமும் எழுதுங்கள். நீங்கள் உள்ளே தள்ளிய சேலைனை அந்த அளவிலிருந்து கழிக்கவேண்டும். மூன்று தரம் 10 மி.லீ. தள்ளிவிட்டு ‘இன்றைக்கு 40 மி.லீ. வந்தது’ என்றால் உண்மையில் வந்தது 10 தான். கழித்த பிறகு நாளுக்கு 10, 20 மி.லீ. இற்குக் குறைந்து, காய்ச்சலும் இல்லாமல், ஸ்கானில் குழி சுருங்கியிருந்தால் எடுக்கலாம். ஓட்டம் திடீரென நின்று காய்ச்சல் ஏறினால் அது குணமல்ல, அடைப்பு.

குழாயை வீட்டில் எடுக்கவேண்டாம். நூல் தளராமல் இழுத்தால் சுருள் விரியாமலே வெளியே வந்து உள்ளே கிழிக்கும். தானாகக் கழன்று விழுந்தால் திரும்பச் செருகாமல், துளையைச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு அன்றைக்கே வாருங்கள். துளையின் பாதை ஒரு நாளிலேயே மூடத் தொடங்கும். உடனே வந்தால் அதே வழியால் புதுக் குழாய் போடலாம்.

குளிக்கலாமோ? நல்லூர்த் திருவிழா வருகுது.

கிணற்றடியில் வாளியால் தலைக்கு ஊற்றிக் குளிப்பது கூடாது. உடம்பைத் துடைக்கலாம், இடுப்புக்குக் கீழே ஊற்றலாம். கீரிமலைக் கேணியும் கடலும் குழாய் எடுத்துத் துளை ஆறும் வரை வேண்டாம். கட்டு நனைந்தால் உடனே மாற்றவேண்டும். கோயிலுக்குப் போகலாம், வேட்டியைக் குழாய்க்கு மேலே கட்டாமல். பிரதட்டை எடுப்பதும் காவடியும் இந்த வருடம் இல்லை. முழு நாள் விரதமும் இன்சுலினும் அன்ரிபயோரிக்கும் ஒன்றாகப் போகாது. நேர்த்தியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

நெஞ்சிலை தண்ணி எண்டால் ஒரேயடியா எடுக்கக் கூடாதோ?

கூடாது. ஒரு தடவையில் பொதுவாக 1.5 லீற்றருக்கு மேல் எடுப்பதில்லை. நாட்கணக்காக அமுங்கிக்கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறி மூச்சு முட்டும். எடுக்கும்போது இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் பொறுத்துக்கொண்டிராமல் சொல்லுங்கள், அதோடு நிறுத்துவார்கள். விலா எலும்பின் கீழ் விளிம்போடு நாடியும் நரம்பும் ஓடுவதால் ஊசி எப்போதும் எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே போகும். வயிற்று நீருக்குக் கணக்கு வேறு: 5 லீற்றருக்கு மேல் எடுத்தால் எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் (இரத்தத்திலுள்ள ஒரு புரதம்) ஏற்றுவார்கள்.

சிறுநீரகத்துக்குள்ளால முதுகிலை குழாய் வைக்க இரவிலேயே ஏன் அவசரம்?

கல்லாலோ கட்டியாலோ வழி அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமியும் தொற்றினால் அன்ரிபயோரிக் மட்டும் போதாது. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் மருந்து சரியாகப் போகாது; கிருமி இரத்தத்தில் கலந்து சில மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் விழும். குப்புறப் படுக்கவைத்து, சிறுநீரகத்தின் பின்பக்கக் கீழ்க் கிண்ணம் (உள்ளே சலம் சேரும் குழி) வழியாக 8 பிரெஞ்ச் குழாய் வைப்பார்கள். நாடிகள் குறைந்த பகுதி அது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் சலம் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். கடும் சிவப்பாக, கட்டி கட்டியாக வந்தால் சாதாரணமல்ல. இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தவர்களுக்கு, திறந்ததும் நாளுக்குப் பல லீற்றர் சலம் போகலாம். அதற்கேற்பத் தண்ணீரும் உப்பும் கொடுக்காவிட்டால் வேறு பிரச்சினை தொடங்கும். நீண்டகாலம் வைத்திருக்கும் குழாயை ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் உள்ளே உப்புப் படிந்து குழாய் வெளியே வராது.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் எண்டு சொல்லினமே?

இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, நோய் முற்றியபின் வருபவர்கள்தான் அதிகம். ஊசிப் பாதையில் கலங்கள் ஒட்டுவது மிக அரிது. துண்டு எடுக்காமல் என்ன நோய் என்று தெரியாது, தெரியாமல் மருந்து தொடங்க முடியாது. விதிவிலக்குகளை வைத்தியர்கள் அறிவார்கள்: விதைப்பையில் கட்டி என்றால் அதன் தோல் வழியாக ஊசி வைப்பதில்லை, எலும்புக் கட்டி என்றால் பிறகு சத்திரசிகிச்சை செய்பவர் காட்டும் பாதையால்தான் போவார்கள், சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவரின் ஈரல் கட்டி சி.ரி.யில் தெளிவான அடையாளம் காட்டினால் துண்டே தேவையில்லை.

மெல்லிய ஊசியால் கலங்களைத்தான் உறிஞ்சலாம். தடித்த ஊசி நூல்போன்ற சதைத் துண்டைத் தரும், மார்புக் கட்டிக்கு வழமையாக 14 கேஜ். கழுத்து நெறிக்கட்டியில் காசநோய்ச் சந்தேகம் இருந்தால் எல்லாத் துண்டையும், சதையைப் பழுதாகாமல் வைக்கும் போர்மலினில் போட்டுவிடக் கூடாது. போர்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு போர்மலினுக்கு, ஒன்று சேலைனுக்கு. இதைக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

ஈரலில் துண்டு எடுத்தபின் 2 மணித்தியாலம் வலப்பக்கமாகப் படுக்கச் சொல்வார்கள். வலது தோளில் லேசான நோவு வரலாம். ஈரலுக்கு மேலுள்ள உதரவிதானத்தின் நரம்பு தோளோடும் தொடர்புடையது என்பதால்தான் அது. நோவு கூடிக்கொண்டே போய், நாடித்துடிப்பு வேகமாகி, தலை சுற்றினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

சலரோகக் கால். விரலை எடுக்கச் சொல்லிப்போட்டினம். பலூன் அடிச்சால் காப்பாத்தலாமோ?

இரத்தம் வராமல் கறுத்த விரல் திரும்ப உயிர்பெறாது. ஆனால் வழியைத் திறந்தால் வெட்டு விரலோடு நிற்கும், முழங்கால் வரை போகாது. வெட்டிய புண்ணும் ஆறும். அதனால் வெட்ட முன் நாடியைப் பார்ப்பதே முறை. 1964 இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் டொட்டர் முதன்முதலாக இப்படி நாடியைத் திறந்தது, காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டிக்குத்தான்.

அரைப்பக்க (தொடை இடுக்கு) நாடியில் 5, 6 பிரெஞ்ச் உறைக்குழாய் போட்டு, ஹெப்பாரின் கொடுத்து, அடைப்பினூடாகக் கம்பியைக் கடத்தி, பலூனை விரிப்பார்கள். முழங்காலுக்குக் கீழே பலூன் 2 முதல் 4 மி.மீ. தான். நாடி முழுக்கச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கம்பி கடக்காமலே போகலாம். குழாய் எடுத்தபின் 15 முதல் 20 நிமிடம் கையால் அமத்தி, 4 முதல் 6 மணித்தியாலம் காலை மடக்காமல் படுக்கவேண்டும். எழும்பி இருந்து சாப்பிட முயன்று வீங்கவைப்பவர்கள் உண்டு. அரைப்பக்கம் வீங்காமலே முதுகு நொந்து அழுத்தம் இறங்கினால் இரத்தம் பின்வயிற்றுக்குள் போகிறது, உடனே கூப்பிடுங்கள். திறந்த நாடி மாதங்களில் திரும்பச் சுருங்கலாம். சுருட்டை விடாமல் பலூன் அடிப்பதில் பயனில்லை என்றே சொல்லவேண்டும்.

டயாலிசிஸ் கையிலை இருந்த அதிர்வு நிண்டிட்டுது.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். பிஸ்ரியுலா (டயாலிசிஸுக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) அடைத்துவிட்டது. ஒன்றிரண்டு நாளுக்குள் வந்தால் இரத்தக் கட்டியை அகற்றிப் பலூனால் விரிக்க வாய்ப்பு உண்டு, பிந்தினால் புதுக் கை தேடவேண்டிவரும். தினமும் காலையில் விரல் வைத்து அதிர்வு பாருங்கள். அது துடிப்பாக மாறினாலோ, ஊசி எடுத்தபின் இரத்தம் நிற்க நேரமெடுத்தாலோ ஒடுக்கம் தொடங்கிவிட்டது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள், மிசி கேட்டாலும்.

கர்ப்பப்பைக் கட்டிக்கும் இப்படிச் செய்யலாமோ?

பைப்ரொயிட்டுக்கு (கர்ப்பப்பையில் வளரும், புற்றுநோயல்லாத தசைக்கட்டி) செய்யலாம். இரண்டு பக்கக் கர்ப்பப்பை நாடிகளுக்குள்ளும் அரை மி.மீ. அளவான மணிகளைச் செலுத்தி இரத்தத்தை நிறுத்துவார்கள். ஆறு மாதத்தில் கட்டி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். முதல் இரவு நோவு கடுமையாக இருக்கும், வாட்டில்தான் நிற்கவேண்டும். இனிப் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குக் கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சையையே பெரும்பாலும் முதலில் சொல்வார்கள்.

எக்ஸ்ரே கதிர் ஆபத்தோ?

அல்ட்ராசவுண்டில் கதிர் இல்லை. நீண்ட அன்ஜியோகிராம் வேலைக்குப் பிறகு சில வாரத்தில் முதுகுத் தோல் கதிர் பட்டுச் சதுரமாகச் சிவந்தால் எண்ணெய் பூசாமல் வந்து காட்டுங்கள். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் முதலே சொல்லுங்கள்.

எப்ப 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேணும்?

குளிரோடு நடுக்கம், கூடிக்கொண்டே போகும் நோவு, பையில் புது இரத்தம், மயக்கம், மூச்சு முட்டல், பலூன் அடித்த கால் குளிர்ந்து வெளிறுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டோ தேடாமல் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. டயக்னோசிஸ் கார்ட்டை (வீட்டுக்கு விடும்போது தரும் நோய்விபர அட்டையை) கையில் எடுங்கள். எந்த நாளில், எந்தப் பக்கம், எந்த அளவுக் குழாய் என்பது அதில் இருக்கும்.

நுரையீரலிலை துண்டு எடுத்தவை. பலாலியால சென்னைக்குப் போக ரிக்கெற் போட்டாச்சு.

நுரையீரலில் ஊசி வைத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசியும். பெரும்பாலானோருக்கு அது தானாக ஆறிவிடும், சிலருக்கே குழாய் தேவை. விமானம் ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து, நெஞ்சுக்குள் மிஞ்சிய காற்று விரியும். அதனால் காற்றுக் கசிந்திருந்தால், எக்ஸ்ரேயில் முற்றாகப் போய்விட்டது என்று கண்ட நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் பறக்கவேண்டாம். கசியாதவர்களும் திகதியை வைத்தியரிடம் கேட்டே போங்கள். ரிக்கெற் போட முன் கேட்டால் இன்னும் நல்லது.